கிற்றாரின் தலையெழுத்து

எங்கள் ஊரில் பல பொருட்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. கொம்பனியின் பெயர்தான் பொருளின் பெயர். காலில் போடுவது எந்தத் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தாலும் அது ‘பாட்டா’. பால்மா என்றால் ‘அங்கர்’. தையல் இயந்திரம் என்றால் ‘சிங்கர்’. என் அப்பப்பாவின் சைக்கிளை வீட்டில் ஒருவரும் சைக்கிள் என்று சொன்னதில்லை. ‘றலியை எடுத்துக்கொண்டு போ’ என்றுதான் சொல்வார்கள். அதே நேரத்தில், பெயர் அச்சடித்த பொருட்களை எங்களைப்போலக் கண்டவர்களும் இல்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்த சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கூரையாகக் கட்டிய தறப்பாளில் ஒரு பெயர், தண்ணீர் அள்ளிய வாளியில் இன்னொரு பெயர், பாயில் மற்றொரு பெயர். அந்தப் பெயர்கள் பொருள் தந்தவர் யார் என்பதைச் சொல்லின. வாளி ஒழுகுமா, தறப்பாள் மழையைத் தாங்குமா என்பதைச் சொல்லவில்லை. அதை நாங்கள் மழை வந்தபோதுதான் அறிந்துகொண்டோம்.

இந்த இரண்டு அனுபவமும் உள்ள எங்களுக்கு, ஒரு பொருளின் பெயருக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பது சின்னக் கேள்வி அல்ல. இம்முறை அந்தக் கேள்வி ஒரு கிற்றாரின் வடிவத்தில் வந்தது. மானிப்பாய், சண்டிலிப்பாய்ப் பக்கம் வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது பல தாய்மார் இப்போது இதைக் கேட்கிறார்கள். ‘பிள்ளை கிற்றார் கேக்கிறாள், எதை வாங்கிறது?’ தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பாடசாலை இசைக் குழுக்களிலும் பிள்ளைகள் பழகுகிறார்கள். கையில் போன் இருப்பதால் வீட்டிலிருந்தும் கற்கிறார்கள். கிற்றார் எங்களுக்குப் புதிதும் அல்ல. 1960களிலும் 70களிலும் ஈழத்துப் பொப் இசை எழுந்தபோது அதைப் பாடிப் பரப்பியவர்களில் ஒருவரான நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். மானிப்பாயிலிருந்து உரும்பிராய் எத்தனை மைல்? பிறகு வந்த காலத்தில் பாட்டுக் கேட்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்றவேண்டியிருந்தது. யார் கிற்றாரை நினைத்தார்கள்?

என்னிடம் முதலில் கேட்டவர் ஓர் அக்கா. அவருடைய பெயரும் இடமும் இங்கே வேண்டாம். கணவரை 2009இல் இழந்தவர். அப்போது மகள் கைக்குழந்தை, இப்போது பதினாறு வயது. அக்கா வீட்டிலிருந்து மா இடித்து, மிளகாய்த்தூள் வறுத்துப் பொதி செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். மகள் பாடகர் குழுவின் பழைய கிற்றாரில் ஒரு வருடம் பழகிவிட்டாள். அந்தக் கிற்றார் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் கைக்கு வரும். கனடாவில் இருக்கும் மாமன் போனில் சொல்லியிருக்கிறார்: ‘வாங்கிறதெண்டால் யமஹா வாங்கு, இல்லாட்டி வாங்காதே.’ காசு அனுப்புவது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. (யோசனை அனுப்பச் செலவு குறைவு.) யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் பார்த்தபோது, அந்தப் பெயருள்ள புதுக் கிற்றாரின் விலை பக்கத்தில் தொங்கிய பெயர் தெரியாத கிற்றாரின் விலையைப்போல மூன்று மடங்கு. கிழமைக்குக் கிழமை கட்டும் கடனொன்றை எடுக்க அக்கா ஆயத்தமாகிவிட்டார்.

“ஏன் அக்கா, மற்றதைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“பாத்தனான் மிஸ். அதுவும் வடிவாத்தான் இருக்கு. ஆனா தகப்பன் இல்லாத பிள்ளை எண்டு குறைஞ்ச சாமானை வாங்கிக் குடுத்திட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது.”

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது தோர்ஸ்டீன் வெப்ளன் என்ற அமெரிக்க அறிஞர் 1899இல் எழுதியதைப் படித்தோம். மனிதர் பொருளை அதன் பயனுக்காக மட்டும் வாங்குவதில்லை, பிறர் காணவும் வாங்குகிறார்கள் என்று அவர் சொன்னார். அவர் கண்முன் வைத்தது பணக்காரரை. எங்கள் அக்காவின் கதை வேறு. ஊரின் வாயை அடைக்க ஒரு பெயரைக் கடனுக்கு வாங்க நினைத்தார். இதைப் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு வருடமாக ஒரு பெண் தனியாக நின்று பிள்ளை வளர்த்தால் ஊர் அவளுடைய ஒவ்வொரு சாமானையும் எடைபோடும் என்பது இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் உண்மையில் எதை உறுதிப்படுத்துகிறது, எதை உறுதிப்படுத்தவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு காசைக் கொடுப்பது வேறு விடயம்.

முதலில் யமஹா. எங்களுக்கு அது மோட்டார் சைக்கிள். ஆனால் அந்தக் கொம்பனி தொடங்கியது இசைக் கருவியில்தான். 1887இல் ஜப்பானின் ஹமமாட்சு நகரத்துப் பாடசாலை ஒன்றின் பழுதான ஓகனைத் திருத்தப்போன தொராகுசு யமஹா என்பவர், பிறகு தானே ஓகன் செய்யத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் நீங்கள் காணும் அந்த அடையாளம் மூன்று இசைக்கவைகள். மோட்டார் சைக்கிள் கொம்பனி 1955இல்தான் தனியாகப் பிரிந்தது. யமஹாவின் விலை குறைந்த கிற்றார்கள் இன்று ஜப்பானில் செய்யப்படுவதில்லை. பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. சென்னைக்கு அருகிலும் 2019இல் அந்தக் கொம்பனி ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையைத் திறந்தது. மற்றப் பெயர்களும் இப்படித்தான். தென்கொரியாவின் கோர்-டெக் என்ற கொம்பனி இந்தோனேசியாவில் உள்ள தொழிற்சாலையில் தன்னுடைய ‘கோர்ட்’ கிற்றாரையும் செய்கிறது, ஐபனெஸ், ஸ்குவையர் என்ற பெயர்களில் விற்கப்படும் கிற்றார்களையும் செய்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் கைகளிலிருந்து வரும் கிற்றார்களுக்குத் தலையில் வெவ்வேறு பெயர். அதே கொம்பனி தென்கொரியாவில் இருந்த தொழிற்சாலைகளை 2007இல் மூடியபோது வேலையிழந்தவர்கள் 2019வரை போராடவேண்டியிருந்தது. அதுவும் கிற்றாரின் தலையில் எழுதப்படுவதில்லை.

கல்கத்தாவிலிருந்து ‘கிவ்சன்’, ‘ஹோப்னர்’ என்ற கிற்றார்கள் வருகின்றன. அமெரிக்காவின் கிப்சன், ஜெர்மனியின் ஹோஃப்னர் என்ற பழைய பெயர்களை அவை நினைவூட்டும். ஆனால் அவையல்ல. அதற்காக அவற்றை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். இந்தியாவில் கிற்றார் தொட்ட எத்தனையோ பிள்ளைகளின் முதல் கிற்றார் அவைதான். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த கதை. போருக்குள் வேலைசெய்த பெண்களின் கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிப்சன் கொம்பனி 1902இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் அந்தத் தொழிற்சாலையின் ஆண்கள் பலர் படைக்குப் போனார்கள். மரமும் உலோகமும் போருக்குத் தேவை என்று கட்டுப்பாடுகளும் வந்தன. போர் வருடங்களில் கிற்றார் செய்வதை நிறுத்திவிட்டுப் போர்த் தளபாடம் செய்தோம் என்பதே கொம்பனி பிறகு சொன்ன வரலாறு. பல பத்தாண்டுகள் கழித்து, ஜோன் தோமஸ் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு பழைய புகைப்படத்தைக் கண்டார். 1944இல் அந்தத் தொழிற்சாலையின் வாசலில் எடுத்த படம். அதில் நின்ற எழுபதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள். கிற்றார் செய்யவில்லை என்றால் இவ்வளவு பெண்களும் அங்கே என்ன செய்தார்கள்? கலமசூ பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, உயிரோடு இருந்த பன்னிரண்டு பெண்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அப்போது அவர்கள் முதுமை எய்தியிருந்தார்கள். கொம்பனியின் அனுப்பற் புத்தகங்களையும் பார்த்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஏறத்தாழ 25,000 கருவிகள் அங்கிருந்து வெளியே போயிருந்தன. செய்தவர்கள் பெரும்பாலும் முன்னர் மரவேலை அறியாத பெண்கள்.

அந்தக் கிற்றார்களின் தலையில் கொம்பனியின் பெயருக்குக் கீழே ஒரு பொன்னிறப் பட்டி உண்டு. கிப்சனைத் தவிர வேறெதுவும் போதாது என்ற கருத்துள்ள வாசகம் அதில் எழுதப்பட்டிருக்கும். இன்று பழைய கிற்றார் சேர்ப்பவர்கள் அந்தப் பட்டி உள்ளதைத் தேடிப் பெரும் விலை கொடுக்கிறார்கள். தோமஸ் போர்க்காலக் கிற்றார்களையும் அதற்கு முன்னும் பின்னும் செய்தவற்றையும் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார். பெண்கள் செய்தவற்றின் உள்மரங்கள் மெல்லியதாகவும் நுணுக்கமாகவும் இழைக்கப்பட்டிருந்தன என்று எழுதினார். பெயர் கிப்சனுடையது. கை அந்தப் பெண்களுடையது. கை இருந்ததையே கொம்பனி சொல்லவில்லை. தையல் வேலைக்குப் போய், தாங்கள் தைத்த சட்டைக்கு வேறெங்கோ ஒரு பெயர்த்துண்டு வைக்கப்படுவதைக் கண்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் காதுக்கு மட்டும் விட்டால் பெயர் கேட்குமா? வயலினை வைத்து இதைச் சோதித்தார்கள். உலகத்தில் வயலினுக்கு ஸ்ராடிவேரியஸைவிடப் பெரிய பெயர் இல்லை. முந்நூறு வருடப் பழமை, கோடிக்கணக்கில் விலை. 2010இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரத்து ஹோட்டல் அறையொன்றில் கிளோடியா ஃபிறிற்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 21 வயலின் கலைஞர்களை அழைத்தார்கள். இரண்டு ஸ்ராடிவேரியஸ், ஒரு குவார்னேரி, மூன்று புது வயலின் வைத்திருந்தார்கள். வெளிச்சத்தைக் குறைத்து, கலைஞரின் கண்ணுக்கு வெல்டிங் வேலையாட்கள் போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலானோர் தங்களுக்குப் பிடித்ததாகத் தெரிந்தெடுத்தது புது வயலினை. எது பழையது, எது புதியது என்றும் அவர்களால் சரியாகச் சொல்லமுடியவில்லை. கிற்றாரிலும் அப்படியொரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2018இல் வெளியிட்டது. முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 பேர் வாசித்தார்கள். விலை கூடிய மரம் எது, குறைந்த மரம் எது என்று ஒலியில் பெரிய வேறுபாடு காணவில்லை.

இவ்வளவையும் கேட்டபின், ‘அப்ப பெயர் ஒண்டுமில்லை, குறைஞ்சதை வாங்கலாம்’ என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சோதனைகளில் வைத்தவை எல்லாம் தேர்ந்த கைகள் செய்த நல்ல கருவிகள். எங்கள் கடைகளில் தொங்குபவை அப்படியல்ல. விலை குறைந்த, பெயர் தெரியாத கிற்றார்களில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது கழுத்து வளைந்திருக்கும். பெயருள்ள கொம்பனி பத்துக் கிற்றார் செய்தால் பத்தும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருக்கும். பெயருக்குக் கொடுக்கும் காசில் நியாயமான பங்கு இதற்குத்தான். காசுள்ளவர் ஒன்று பிழைத்தால் இன்னொன்று வாங்குவார். எங்களுக்கு ஒருமுறைதான் வாங்க முடியும். ஆகவே பெயர் பணக்காரரைவிட எங்களுக்குத்தான் கூடுதலாக வேண்டும் என்றுகூட நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இடம்பெயர்வின்போது எனக்கு ஆறு வயது. அம்மா தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். கால்களும் பலகையும் மானிப்பாய் வீட்டிலேயே கிடந்தன. சாவகச்சேரியில் அரிசிக்குக் காசில்லாதபோது அதை விற்றார். வாங்க வந்தவர் சக்கரத்தை இரண்டு தரம் சுற்றினார், பெயரைப் பார்த்தார், காசைக் கொடுத்தார். ஐந்து நிமிடம் செல்லவில்லை. வேறு பெயராக இருந்திருந்தால் பத்துப் பேரிடம் கொண்டு திரிந்திருக்கவேண்டும், அதுவும் அந்த நெருக்கடியில். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆபத்துக்குக் காசாகும். நகை மாதிரித்தான்.

அந்தத் தையல் இயந்திரத்தோடு வந்த இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் கட்டும் முறையில் வீட்டுச் சாமான் விற்பதை உலகத்துக்குப் பழக்கியதில் சிங்கர் கொம்பனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1856இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கினார்கள். 1877இலேயே கொழும்பிலும் கடை திறந்தார்கள். பெரிய பெயரும் தவணைக் கடனும் அன்று தொடக்கம் கூடப் பிறந்தவை போலத்தான். பெயர் ஆசையைக் காட்டும், தவணை அதைக் கையெட்டும் தூரத்தில் வைக்கும்.

அக்காவுடன் இருந்து ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒருவர் 60,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 1,500 ரூபாப்படி 52 கிழமை கட்டுகிறார் என்று வைப்போம். மொத்தம் 78,000. ‘வருசத்துக்கு 30 வீதந்தானே’ என்பார்கள். ஆனால் முதற் கிழமையிலிருந்தே நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அரை வருடத்தில் கிட்டத்தட்டப் பாதிக் காசுதான் உங்கள் கையில் மிச்சம். அதற்கும் முழுத் தொகைக்குரிய வட்டியைக் கட்டுகிறீர்கள். சரியாகக் கணக்குப் பார்த்தால் வட்டி கிழமைக்கு 1 வீதத்துக்கு மேல், வருடத்துக்கு 50 வீதத்துக்கு மேல். வடக்கில் பெண்களை இந்தக் கிழமைக் கடன்கள் எங்கே கொண்டுபோய்விட்டன என்று தெரியும். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே இறங்கவேண்டி வந்தது. மிளகாய்த்தூள் அரைக்கும் இயந்திரத்துக்குக் கடன் எடுத்தால் அந்த இயந்திரம் கிழமைக்கு ஏதும் உழைத்துத் தரும். பழகும் பிள்ளையின் கிற்றார் முதல் வருடத்தில் ஒரு சதமும் உழைக்காது.

அக்கா கொப்பியை மூடிவிட்டு, “அப்ப வேண்டாமெண்டு சொல்லுறியளோ?” என்றார். முகம் வாடிவிட்டது.

“வேண்டாமெண்டு சொல்லேல்லை அக்கா. பெயரும் இருக்கட்டும், கடன்தான் வேண்டாம். பாவிச்சதைத் தேடுவம்.”

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் இளைஞர் எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று கணக்கில்லை. அவர்களின் மோட்டார் சைக்கிளும் கிற்றாரும் வீட்டில் நிற்கின்றன. பாடகர் குழுவை நடத்தும் அண்ணா விசாரித்து இரண்டு கிற்றார் கண்டுபிடித்தார். இரண்டும் யமஹா. ஒரே மொடல். முதலாவது புதுசு போலப் பளபளத்தது, கீறல் ஒன்றும் இல்லை. அண்ணா அதைத் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேரே பிடித்து (இந்த உவமையை அக்காதான் சொன்னார்) கழுத்தின் ஓரமாகப் பார்த்தார். வில் மாதிரி வளைந்திருந்தது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கோலைத் திருகிப் பார்த்தார், அது ஏற்கெனவே முழுதாக முறுக்கப்பட்டுவிட்டது. வேண்டாம் என்றார். இரண்டாவதன் முகப்பில் இரண்டு கீறலும் ஒரு ஒட்டுப்படத்தின் தழும்பும். கழுத்து நேர். மகள் வாசித்தாள், அக்கா திண்ணையில் மறுபக்கம் திரும்பி இருந்து கேட்டார். புதிதின் விலையில் பாதிக்கும் குறைவு. அந்த மாதம் அக்காவுக்குச் சீட்டு விழும் முறை. அந்தக் காசில் வாங்கினார், மிச்சத்தில் ஒரு பையும் வாங்கினார். ஒரே பெயர், ஒரே மொடல், ஒன்று கழிவு, ஒன்று கருவி.

சீட்டும் இல்லை, பெயருள்ள பழையதும் கிடைக்கவில்லை என்றால் பெயர் தெரியாத புதிதை வாங்கலாமா? வாங்கலாம், பார்க்கத் தெரிந்த ஒருவரோடு போனால். ஒருவரும் இல்லாவிட்டால் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. பிள்ளையின் அடிமட்டத்தைக் கொண்டு போங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, கிற்றாரிலும் கழுத்துக்குக் குறுக்கே அப்படி உலோகக் கோடுகள் உண்டு. பன்னிரண்டாவது மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் அளவு இருந்தால் பரவாயில்லை. 4க்கு மேல் என்றால் பிள்ளை அழுத்தி அழுத்தி விரல் நொந்து, ஒரு மாதத்தில் மூலையில் வைத்துவிடும். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று நாங்கள் பேசுவோம், குற்றம் கம்பியின் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு மெட்டாக அழுத்தித் தட்டுங்கள். எங்காவது ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் கேளுங்கள். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டுத் தட்டினால் மணிபோல ஓர் ஒலி வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தித் தட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் கிற்றார் எவ்வளவு சுருதி கூட்டினாலும் பொய் பேசும். சுருதி கூட்டும் திருகுகள் தளர்ந்து சுற்றுகின்றனவா, வயிற்றில் கம்பி கட்டிய பாலத்தின் பின்பக்கம் பலகையை விட்டுக் கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பிறகு கடைக்காரர் அல்லது பிள்ளை வாசிக்க, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். தலையில் உள்ள பெயர் உங்கள் கண்ணில் படக்கூடாது.

கடைக்காரரிடம் கேட்க வெட்கப்படவேண்டாம். ‘ஐயா, கம்பி உயரமா இருக்கு, பதிச்சுத் தாங்கோ’ என்றால் பலர் செய்துதருவார்கள். சின்னத் தொகைதான் கேட்பார்கள். பெயருக்குக் கூடக் கொடுக்கும் காசில் பத்திலொரு பங்கை இதற்குக் கொடுத்தால் விலை குறைந்த கிற்றாரும் விரலுக்கு இதமாகும்.

இசைக்கருவி உழைக்காது என்று மேலே எழுதினேன், ‘முதல் வருடத்தில்’ என்ற சொல்லோடு. அதற்கு மறுபக்கமும் உண்டு. ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தாயார் கரீமா கணவரின் இசைக்கருவிகளை விற்கவில்லை. வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு மகன் ஒலிப்பதிவுக்கூடம் அமைக்கத் தன் நகையைக் கொடுத்தார். அந்தத் தாய் 2020 டிசெம்பரில் காலமானார். எங்கள் அக்காவின் மகளும் இப்போது சனிக்கிழமைகளில் அயலிலுள்ள இரண்டு சிறு பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்கிறாள். காசாக இன்னும் ஒன்றும் இல்லை, ஒரு வீட்டிலிருந்து முட்டை வருகிறது. ‘பொம்பிளைப் பிள்ளைக்குக் கிற்றாரோ’ என்று கேட்ட ஒருவரின் பேத்திதான் அந்த இரண்டில் ஒருத்தி.

வாங்கியபின் பராமரிப்பு. மீள்குடியேற்ற வீடுகளில் பல இன்னும் தகரக் கூரை. பகல் இரண்டு மணிக்கு அதன் கீழ்ச் சுவரில் கிற்றாரைத் தொங்கவிட்டால், எந்தப் பெயருள்ளதானாலும் பசை இளகிப் பாலம் கிளம்பும். கட்டிலுக்குக் கீழே, பைக்குள் வைப்பது நல்லது. மழை மாதங்களில் பையைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். கம்பியில் நைலோன், உருக்கு என்று இரண்டு வகை. புதிதாகப் பழகும் சிறு பிள்ளைக்கு நைலோன் விரலை நோகாது. ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதை மாட்டவேண்டாம். நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. உருக்குக் கம்பிகள் இழுப்பது 70 கிலோவுக்கும் மேல். நைலோனுக்குச் செய்த கிற்றாரில் உருக்கை மாட்டினால் பாலம் பிடுங்கிக்கொண்டு வரும். கம்பி அறுந்து கடைக்குப் போகும்போது பிள்ளையை அனுப்பினால் பழைய கம்பித் துண்டொன்றையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். முதலில் கிற்றார் விலை பேசும்போதே ஒரு செற் கம்பியையும் சேர்த்துக் கேளுங்கள். சில கடைகளில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.